பெயர் தொலைந்த இரண்டு கிணறுகள்

இன்று காலைக் காப்பியில் உப்புக் கரித்தது.

நாவலூரில் மகன் வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் குழாயைத் திறந்தால் வருவது லாரித் தண்ணீர். லாரிக்காரர் எந்த ஊரில் இறைத்துக்கொண்டு வருகிறாரோ அந்த ஊரின் ருசிதான் எங்கள் வீட்டு ருசி. ஒரு வாரம் ஏரிப் பாசி வாசனை அடிக்கும், ஒரு வாரம் ஒன்றும் தெரியாது. இன்று உப்பு. "கொட்டிடுங்க அத்தை, கேன் தண்ணில வேற போட்டுத் தரேன்" என்றாள் மருமகள். நான் கொட்டவில்லை. இன்னொரு வாய் குடித்தேன். நாக்குக்கே தெரிகிறதென்றால் அளந்தால் எவ்வளவு வரும் என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. அப்புறம்தான் கவனித்தேன், கணக்குப் போடுவது என் குரலில் இல்லை. உன் குரலில்.

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. உனக்குக் கடிதம் எழுதும் பழக்கம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை. தாம்பரம் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. எழுத என்ன இருந்தது? பேசியே தீர்த்துவிட்டோம். இப்போது பேச முடியாததால் எழுதுகிறேன்.

குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். எழுபதுகளின் கடைசி. நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்கிற இடம். நமக்கோ தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாம் பார்த்தது தண்ணீரைப் பற்றிய எண்களை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தான் பயன்படுத்தி முடித்த கம்ப்யூட்டரை நமக்கு அனுப்பி வைத்திருந்தது. பீரோ மாதிரி நிற்கும். பெரிய தாம்பாளம் போன்ற வட்டு ஒன்றை அதற்குள் செருக வேண்டும். எழுதுவதெல்லாம் அந்த வட்டில். நாம் தட்டுவதும் அது பதில் சொல்வதும் டெலிபிரிண்டர் தாளில் சடசடவென்று அடித்துக்கொண்டு வரும். கூடவே யூனிக்ஸ் என்ற இயங்குதளமும் வந்தது. சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்க நமக்குத் தெரிந்து ஊரில் ஆள் இல்லை. தடித்த கையேடு ஒன்று இருந்தது. நாம் இரண்டு பேர் இருந்தோம். அவ்வளவுதான்.

மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டியில் அந்தக் கையேட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு போவாய். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டு வரும் பெண்கள் பைபிள் என்றே நினைத்திருப்பார்கள். மத்தியானம் உன் டப்பாவில் மீன் இருந்தால் நீயே போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாய். நான் கூப்பிட்டாலும் வரமாட்டாய். "உங்க அம்மா உன் புடவையிலயே மோப்பம் பிடிச்சிடுவாங்க டி" என்பாய். அம்மா பிடித்திருப்பாள் என்பது உண்மைதான்.

ஐப்பசி மழை கொட்டிய அந்த வாரம் உனக்கு ஞாபகம் இருக்கும் என்று எழுத வருகிறது கை. முந்தின நாள் சாயங்காலம், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிருந்தது. மறுநாள் தண்டவாளத்தில் தண்ணீர் நின்றதால் நம் ரயில் சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டி நின்றுவிட்டது. காத்திருந்து பார்த்துவிட்டு இறங்கி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

உள்ளே ஒரே கலகலப்பு. கரண்ட் காலையிலேயே வந்துவிட்டதாம். நீர்த்திட்ட அதிகாரிகள் சிலர் மிஷினைப் பார்க்க வந்திருந்தார்கள். டைரக்டர் அதை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். உதவியாளர்கள் தேங்கிய கடிதங்களையும் அட்டவணைகளையும் காலையிலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

நீ ஈரக் குடையைக்கூட மடக்கவில்லை. "செக் பண்ணிட்டு ஆரம்பிச்சீங்களா சார்?" என்று கேட்டாய்.

"எதுக்கு மிஸ்? ஸ்விட்ச் போட்ட உடனே வந்துடுச்சே. நல்லா ஓடுது பாருங்க" என்றார்.

நீ உட்கார்ந்து, அந்த வருஷம் புதிதாகச் சேர்த்த கிணறுகளின் கோப்புப் பெயர்களைக் கேட்டு ஒரு கட்டளை தட்டினாய். தாளில் பெயர்கள் வர வேண்டிய இடத்தில், அன்று காலை யாரோ அடித்த கடிதத்தின் பாதி வாக்கியம் வந்தது. அதற்குப் பிறகு கண்டபடி குறிகள். ரிப்பன் சரியில்லையோ என்று நான் குனிந்து பார்த்தேன். நீ இரண்டு கைகளையும் விசைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய்.

"யாரும் எதையும் டைப் பண்ணாதீங்க. தயவு செஞ்சு" என்றாய். குரல் உயரவே இல்லை. அதனாலேயோ என்னவோ எல்லோரும் சட்டென்று நிறுத்தினார்கள்.

அதிகாரிகள் கிளம்பிப் போன பிறகு டைரக்டருக்கு நீ விளக்கியது எனக்கு இன்னும் வரி வரியாக நினைவிருக்கிறது. வட்டில் எந்தெந்த இடம் காலி என்று மிஷின் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு, அவ்வப்போதுதான் வட்டில் எழுதும். எழுதுவதற்குள் கரண்ட் போனால் வட்டில் இருப்பது பழைய கணக்கு. "வீட்டுக்காரர் ஊர்ல இல்லாத நேரத்துல புரோக்கர் பழைய லிஸ்டை வெச்சுக்கிட்டு, ஆள் குடியிருக்கற வீட்டையே காலின்னு சொல்லி இன்னொருத்தருக்கு விட்ட மாதிரி சார். காலையிலேர்ந்து எழுதினதுல எதெல்லாம் எது மேல விழுந்திருக்குன்னு தெரியாது. கிணறுகளோட பேர் இருந்த இடத்துல ஒரு லெட்டர் குடிவந்திருக்கு. அது மட்டும்தான் இப்போதைக்குத் தெரியும்."

"அப்போ பழைய பிரதி இருக்கில்ல, அந்த வட்டைப் போடுங்க. விஷயம் முடிஞ்சுது."

"அது தை மாசத்துப் பிரதி சார். இந்தக் கோடை அதுல இல்லை. புதுக் கிணறு நாலும் அதுல கிடையாது."

அளவுகளை முதலில் எழுதிய தாள்கள் பின்னறையில் கட்டுக்கட்டாக இருந்தன. போய்ப் பார்த்தோம். அந்த அறைக் கூரை அதே மழைக்கு ஒழுகியிருந்தது. தாள்கள் தோசை மாவு மாதிரி ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. மேல் தாளைத் தூக்கினால் கையோடு பிய்ந்து வந்தது.

அங்கேதான் தேவராஜ் அண்ணா வந்து நின்றார். கிணறு கிணறாகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் எடுத்து வருகிறவர் அவர்தான். சைதாப்பேட்டைக்காரர். அந்தக் கோடை முழுவதும் வண்டலூருக்கும் மேடவாக்கத்துக்கும் கோவளத்துக்கும் பாட்டில் பெட்டியோடு அலைந்தவர்.

"இன்னாமா இது" என்றார். "பேப்பர்ல இருந்தா நனையும், கரையான் துன்னும்னு சொல்லித்தானே மிஷின்ல ஏத்துனீங்க. இப்ப அதுவும் பூடுச்சா?"

"போகலை அண்ணா. நம்பர்லாம் உள்ள எங்கேயோ இருக்கு. பேர்தான் போச்சு."

"பேரு பூட்டா எது எதுன்னு எப்டிமா கண்டுபுடிப்பே? எனக்கு இன்னா, நெனப்புல கீதா? பாட்டில்ல புட்ச்சாந்து குட்த்தேன். அளந்தது நீங்க."

"அதான் அண்ணா பார்க்கணும்" என்றாய்.

நான் உடனே சரிசெய்யும் நிரலை ஓட்டத் தயாரானேன். நீ தடுத்தாய். உடைந்த வட்டை உடைந்த நிலையிலேயே இன்னொரு வட்டில் முதலில் பிரதி எடுத்தாய். "நாம சரி பண்றேன்னு இன்னும் கெடுத்துட்டா, இந்த இடத்துக்காவது திரும்பி வரலாம்ல" என்றாய். அதற்கே அன்றைய பொழுது போனது.

மறுநாள் மற்ற எல்லோரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வட்டைச் சரிபார்க்கும் நிரலை ஓட்டினோம். டெலிபிரிண்டர் நிற்காமல் அடித்தது. இரண்டு கோப்புகளுக்குச் சொந்தமான இடங்கள், யாருக்கும் சொந்தமில்லாத இடங்கள், காலி என்று சொல்லப்பட்டும் காலியில்லாத இடங்கள். காலி இடங்களின் கணக்கைப் புதிதாக எழுதச் சொன்னோம். எழுதியது. மிஷினை நிறுத்துமுன் நினைவில் இருப்பதையெல்லாம் வட்டில் எழுதச் சொல்லும் கட்டளையை வழக்கம்போல் கொடுத்தோம். கையேடே அப்படித்தான் பழக்கியிருந்தது. நிறுத்தி, மறுபடி ஓட்டி, மறுபடி சரிபார்த்தால் அதே பிழைகள் அதே வரிசையில் வந்தன.

திரும்பவும் செய்தோம். திரும்பவும் அதே. மூன்றாவது முறை எனக்கு அழுகை வந்துவிட்டது. வட்டே பழுது என்றேன். நீ தாளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மெதுவாகச் சிரித்தாய்.

"வசந்தா, நாம திருத்தினதை நாமளேதான் டி அழிச்சிக்கிட்டு இருக்கோம்."

மிஷினின் நினைவில் இருந்தது இன்னும் பழைய கணக்கு. நாம் வட்டில் புதுக் கணக்கை எழுதினோம். நிறுத்துவதற்கு முன் 'நினைவில் இருப்பதை எழுது' என்று சொன்னதும், அது பாவம், பழையதை எடுத்துப் புதியதன் மேலேயே எழுதிவிட்டது. மற்ற நாளில் எது ஒழுங்கோ, இன்றைக்கு அதுதான் கெடுதல். அடுத்த முறை திருத்தி முடித்தவுடன் நீ ஒரு கட்டளையும் கொடுக்கவில்லை. நேராகப் போய் முகப்பில் இருந்த நிறுத்தும் விசையைத் தட்டினாய். மறுபடி ஓட்டினோம். சரிபார்க்கும் நிரல் ஒரு பிழையும் காட்டாமல் இரண்டே வரியில் ஓய்ந்தது. அந்த அமைதியைப் போல் ஒரு சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

வட்டு சரியாயிற்று. பெயர்கள் வரவில்லை. யூனிக்ஸில் ஒரு கோப்பின் சரக்கு ஓரிடத்தில் இருக்கும், அதன் பெயர் வேறோரிடத்தில் இருக்கும். பெயர் இருந்த இடத்தில் கடிதம் விழுந்துவிட்டதால், சரக்கு மட்டும் வெறும் எண்ணோடு கிடந்தது. வட்டை நேரடியாகப் படித்து அந்தச் சரக்கை வெளியே எடுக்க ஒரு சின்ன நிரல் எழுதினோம். நான் சொல்லச் சொல்ல நீ தட்டுவாய். நீ சொல்ல நான் திருத்துவேன். நான்கு கோப்புகளும் முழுசாக வந்தன. ஒவ்வொன்றிலும் தேதி, நீர்மட்டம், உப்பின் அளவு. எந்தக் கிணறு என்று எதிலும் இல்லை. அதைக் கோப்பின் பெயர்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான்கையும் ஒரே நாளில் தொடங்கியிருந்தோம். எந்த வரிசையில் என்று உனக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை.

இரண்டை எளிதில் பிரித்துவிட்டோம். வண்டலூர்க் கிணறு பாறையில் வெட்டியது. கோடையில் மட்டம் சரசரவென்று இறங்கியிருந்தது. மேடவாக்கத்துக் கிணறு ஏரியை ஒட்டியது. ஏரியில் தண்ணீர் இருக்கும்வரை மட்டம் அசையவே இல்லை. மிஞ்சிய இரண்டும் கோவளம். ஒன்று கரையில், படகுகளை ஏற்றி வைக்கும் மணல் மேட்டை ஒட்டி. மற்றது பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே, உப்பங்கழிப் பக்கம். ஒரு கோப்பில் உப்பு கோடை முழுவதும் ஒரே அளவு. இன்னொன்றில் சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் படிப்படியாக ஏறியிருந்தது. குடிக்கிறவர் நாக்குக்குத் தெரியாத அளவு. கருவிக்குத்தான் தெரியும். ஏறுகிறது என்றால் கடல் மண்ணுக்கடியில் உள்ளே வருகிறது என்று பொருள்.

அந்த இரண்டில் ஒன்றில்தான் ஊருக்கு மோட்டார் வைத்துத் தொட்டி கட்டப்போகிறார்கள். எதில் என்று நம் அறிக்கை சொல்ல வேண்டும்.

தேவராஜ் அண்ணா ஓடிப்போய் இரண்டிலும் புதிதாகத் தண்ணீர் எடுத்து வந்தார். அளந்தோம். மழை பெய்து ஊறியிருந்ததால் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

டைரக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். அதிகாரிகள் அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கடலை ஒட்டின கிணத்துலதான் உப்பு ஏறும். ஸ்கூல் பையனைக் கேட்டாக்கூடச் சொல்வான். இதுல என்ன யோசனை மிஸ்? பேரைப் போட்டு அனுப்பிடுங்க."

"அப்படி இருக்கலாம் சார். ஆனா எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுதே."

"அப்போ சார் பேர்ல போகட்டும். நான் போடற அட்டவணையில தெரியலைன்னுதான் இருக்கும். தப்பான கிணத்துல மோட்டார் வெச்சு இறைச்சா கடல் இன்னும் வேகமா உள்ள வரும். அப்புறம் எத்தனை மழை பெஞ்சாலும் அந்தக் கிணறு திரும்பாது."

டைரக்டர் தாளை வாங்கிக்கொண்டார். அவரும் தன் பேரைப் போடவில்லை. 'இரண்டு கோப்புகளில் எது எந்தக் கிணற்றுக்குரியது என்று தெரியவில்லை. வரும் கோடையில் மீண்டும் அளக்க வேண்டும்' என்ற நீ எழுதிய வரியோடு அறிக்கை போனது. கோவளத்துத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் டைரக்டர் சொன்னதுதான் சரியென்று தோன்றியது. ஏன் இவள் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று உள்ளூர எரிச்சல்கூட.

நீ அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "அந்த ஊர்க்காரங்களுக்கு யாராவது நேர்ல போய் சொல்லணும் இல்ல?" என்றாய். அது நம் வேலையே இல்லை. ஆனாலும் ஒரு சனிக்கிழமை தாம்பரத்தில் பஸ் ஏறினோம். வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் உப்பளங்களைத் தாண்டிக் கோவளம். கரையில் மீன் ஏலம் முடிகிற நேரம். கூடைக்காரப் பெண்கள் பஸ்ஸுக்கு முண்டிக்கொண்டிருந்தார்கள். மணல் மேட்டுக் கிணற்றில் நாலைந்து பேர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். நம்மைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண்ணிடம் நீ பேச ஆரம்பித்தாய். பெயர் செல்வி என்று பிறகு தெரிந்தது.

"மோட்டார் வைக்கப் போறாங்கன்னு சொல்லியிருந்தாங்க இல்ல அக்கா. இந்த வருஷம் வராது."

"ஏன் வராது?"

"எந்தக் கிணத்துல வைக்கணும்னு எங்களுக்குத் தெரியலை. எழுதி வெச்சிருந்தது மிஷின்ல அழிஞ்சு போச்சு. அடுத்த கோடையில மறுபடி அளந்துட்டுத்தான் சொல்ல முடியும்."

செல்வி கயிற்றை விட்டாள். வாளி கீழே போய் விழுந்த சத்தம் கேட்டது.

"தெரியாதவங்கள எதுக்கு வேலைக்கு வெச்சிகினு கீறாங்க?" என்றாள். "உங்க வூட்டுல தண்ணி குழாயில வரும். நீ தெரியலன்னு சொல்லிட்டு பஸ் ஏறிப் பூடுவே. வெயில் காலத்துல இதுல ஊறி வர்ற வரைக்கும் கொடத்த வெச்சிகினு குந்திகினு இருக்கறது நானு. எம் பொண்ணு இஸ்கூலுக்குப் போவாம இங்க வந்து குந்தும். அது உன் மிஷினுக்குத் தெரியுமா?"

நீ ஒரு வார்த்தை மறுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்றாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன், நீ அசையவில்லை. கடைசியில் அவளே திரும்பி வாளியை இழுக்க ஆரம்பித்த பிறகுதான் நகர்ந்தாய்.

பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாய். பிறகு, "அவங்க சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்லை டி" என்றாய்.

"அப்போ நீ செஞ்சது தப்பா?"

உப்பளங்கள் போய்க்கொண்டே இருந்தன. "அதுவும் தப்பில்லைன்னுதான் நினைக்கறேன். ஆனா அதுக்கு நான் தண்ணி தூக்கலையே. அவங்கதானே தூக்கப் போறாங்க" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. அதை நான் கவனித்தேன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை.

அடுத்த கோடை முழுவதும் தேவராஜ் அண்ணாவோடு நீயும் கோவளம் போனாய். சில முறை நானும் வந்தேன். யாரும் உன்னைப் போகச் சொல்லவில்லை. செல்வி முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வெயில் ஏற ஏற அவளுக்கும் உன்னைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. "வந்துட்டியா. இன்னா சொல்லுது கெணறு?" என்பாள். "இன்னும் சொல்லலை அக்கா" என்பாய். அவள் மகள் குடத்தின்மேல் உட்கார்ந்து பாடப்புத்தகம் படித்துக்கொண்டிருப்பாள். நீ பாட்டிலில் தண்ணீர் நிரம்பும்வரை அந்தப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாய்.

இந்த முறை எல்லா அளவும் வட்டில் ஒன்று, தாளில் ஒன்று, உன் வீட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருந்தது. ஆடி பிறந்தபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. கடலை ஒட்டிய மணல் மேட்டுக் கிணறு அசையவே இல்லை. உள்ளே, உப்பங்கழிப் பக்கத்துக் கிணற்றில்தான் உப்பு ஏறிக்கொண்டிருந்தது. மணல் மேடு குடித்த மழைத் தண்ணீர் கடலை அந்தப் பக்கம் வரவிடாமல் தாங்கியிருந்தது. கடல் கழி வழியாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

டைரக்டர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். "போன வருஷம் நான் பேரைப் போட்டு அனுப்பியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

நீ அப்போது ஜெயித்த முகத்தோடு நின்றிருக்கலாம். உனக்கு அந்த முகமே கிடையாது. "நான் ஊகிச்சிருந்தாலும் அதையேதான் சார் ஊகிச்சிருப்பேன்" என்றாய்.

மோட்டார் மணல் மேட்டுக் கிணற்றில் வந்தது. திறப்பு விழாவுக்கு நம்மைக் கூப்பிட்டார்கள், நீ வரவில்லை. நான் போனேன். செல்வி என்னிடம் வந்து, "அந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்டாள். சளிக் காய்ச்சல் என்று சொல்லிவைத்தேன். அவள் ஒரு மந்தாரை இலைப் பொட்டலத்தில் கருவாடு கொடுத்து, "அதுங்கிட்ட குடு" என்றாள். அதை எங்கள் வீட்டுக்குத் தெரியாமல் உன் வீட்டில் சேர்க்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

பிறகு நான் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போய்விட்டேன். கல்யாணம், குழந்தை. நீ அங்கேயே இருந்தாய். நம் மிஷினை ஒருநாள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று போனில் சொன்னாய். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்ட சமயங்களில் நீ பேச்சை மாற்றினாய், கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

என் கணவருக்கு இருதய ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் "ஒண்ணும் ஆகாது, நல்லபடியா வந்துடுவார்" என்று மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டுப் போனார்கள். நீ மட்டும் சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நீயும் சொல்லேன் டி" என்று கெஞ்சினேன். "எனக்குத் தெரியாதே வசந்தா. நான் இங்கேயே இருக்கேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றாய். அன்றைக்கு உன்மேல் எனக்குக் கோபம். ஆனால் சொல்லிவிட்டுப் போனவர்கள் போய்விட்டார்கள். நீ மூன்றாம் நாள் அவர் கண் விழித்து என் பெயரைச் சொல்லும்வரை அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நீ எதையாவது "சரியாயிடும்" என்று சொன்னால், எனக்கு அது டாக்டர் சொல்வதைவிடப் பெரிய உறுதி.

போன மாதம் உன்னை அடக்கம் செய்துவிட்டு உன் கிழக்குத் தாம்பரத்து வீட்டுக்குத் திரும்பி வந்தோம். எல்லோரும் போன பிறகு உன் தங்கை எஸ்தர் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்களைத் தவிர வேற யார்கிட்டயும் கேக்க முடியாது" என்றாள். "அம்மாவையும் என்னையும் பார்த்துக்கறதுலயே அவ வாழ்க்கை போயிடுச்சு. என்கிட்ட ஒரு நாள்கூட எதுவும் சொன்னதில்லை. அவ சந்தோஷமா இருந்தாளா? உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காளா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அந்த நேரத்தில் அதைவிட எளிது எது? அவள் அதைக் கேட்கத்தான் காத்திருந்தாள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன் நாற்காலி காலியாக இருந்தது. நீ இருந்திருந்தால் என்னைத் தடுத்திருக்கக்கூட மாட்டாய், சும்மா பார்த்திருப்பாய்.

"எனக்குத் தெரியலை எஸ்தர்" என்றேன். "அவ என்கிட்டயும் சொன்னதில்லை. சிரிச்சு நிறைய பார்த்திருக்கேன். ஒரு தடவை பஸ்ல கண் கலங்கிப் பார்த்திருக்கேன். உன்னைப் பத்திச் சலிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

அவள் முகம் வாடும் என்று நினைத்தேன். அவள் கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்பக் கேட்டாள். "ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட" என்றேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவள் நம்பினாள்.